கோழிக்கு ஒதுக்கிய அறுபது சென்ட்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வாசலில் சேவல்கள் கூடிவிடும். ஊரில் பாதிப் பேர் இந்த மாதம் கவுச்சி தொடுவதில்லை. ஆவணியிலேயே விலை பேசிய நான்கு சேவல்களை, "ஐப்பசி பொறக்கட்டும்மா, வந்து புடிச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வழக்கமாக வாங்கும் அண்ணன் போய்விட்டார். அதுவரை அந்த நான்குக்கும் தீனி என் பொறுப்பு. அவற்றையும் சேர்த்து இன்றைக்குப் பெரிய உருப்படி 22. பெட்டை 16, சேவல் 6. பஞ்சாரத்துக்குள் பதின்மூன்று குஞ்சுகள் தனி.

பர்கூரில் இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் பத்துக் கோழி வாங்கிவிட்டாள். "அக்கா, நீ மூட்டைத் தீவனமே வாங்கறதில்லையாமே, அப்புறம் என்னதான் போடற?" என்று போனில் கேட்டாள். பத்து நிமிடம் பேசியும் பாதிகூடச் சொல்லி முடியவில்லை. அவளுக்காக எழுத உட்கார்ந்ததுதான் இது.

எங்கள் ஊர் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே. ஒன்றரை ஏக்கர், முழுக்க மானாவாரி. வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமை இரவு வருவார். நிலம், தையல் மெஷின், கோழி மூன்றும் நானும் அத்தையும்தான். அத்தை என்றால் மாமியார்.

நான்கு வருடம் முன்பு வரை நானும் ஐம்பது கிலோ மூட்டைதான் வாங்கினேன். முட்டை விற்ற காசு அப்படியே தீவனக் கடைக்குப் போனது. "வீட்டுல ராகி கெடக்குது, கோழிக்கு மூட்டை வாங்கறோமே" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். சரி என்று ஒரு சித்திரையில் மூட்டையை நிறுத்தினேன். காலையில் ராகி, சாயங்காலம் அரிசிக் குருணை. கோழிகள் ஆவலாகத் தின்றன, வயிறு புடைக்கத் தின்றன. ஆனால் தினம் நாலைந்து முட்டை வந்த கூட்டில் ஒன்றரை மாதத்துக்குள் இரண்டு நாளைக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. அந்த ஒன்றும் கையில் எடுத்தால் விரல் அழுந்தும் அளவுக்கு ஓடு மெல்லிசு. கழுத்து இறகு கொட்டியது. ஒன்றை ஒன்று கொத்த ஆரம்பித்தன.

நோய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்த என் மகனை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் நூற்றுக்கு 16 பங்காவது புரதம் வேண்டும். ராகியில் இருப்பது 7 பங்கு சொச்சம். குருணையிலும் அதே அளவுதான். இரண்டையும் எப்படி மாற்றி மாற்றிக் கலந்தாலும் 7-தான் வரும், 16 வராது. "அம்மா, இது தெனமும் களியை மட்டும் தின்னுட்டு ஸ்கூல் போற மாதிரி" என்றான். கோழி மேய்ந்து பூச்சி பொறுக்கும்தான். ஆனால் சித்திரை வைகாசியில் எங்கள் மண்ணில் பூச்சி ஏது, புல் ஏது. நான் மூட்டையை நிறுத்திய நேரமே தப்பு.

சொந்தத் தீவனம் என்று இறங்குகிற எல்லோரும் தானியத்தைத்தான் முதலில் நினைப்பார்கள். தானியம் நம்மிடம் எப்போதும் இருந்தது. விளைவிக்க வேண்டியது, தேட வேண்டியது புரதத்தைத்தான் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புரிந்தது. அதன் பிறகு நான் செய்ததெல்லாம் அதைச் சுற்றித்தான்.

அறுபது சென்ட்டைக் கோழிக்கென்றே பிரித்தேன். 25 சென்ட் ராகி, 15 சென்ட் சோளம், 20 சென்ட் கொள்ளு. ராகியும் சோளமும் ஆடியில் மழை பார்த்து விதைப்பு. ராகிக்கு நடுவே ஆறு சாலுக்கு ஒரு சால் அவரையும் துவரையும் போடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம், அதை நாங்கள் விடவில்லை. கொள்ளு புரட்டாசியில். அது பாவப்பட்ட பயிர். கடைசி மழையில் விழுந்தாலும் பனியைக் குடித்தே வளர்ந்துவிடும். இரண்டு கிலோ விதை அந்த 20 சென்ட்டுக்குப் போதும். நாங்கள் போடுவது பையூர் 2. காவேரிப்பட்டணத்தை ஒட்டிய பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் வந்த ரகம், இந்த மண்ணுக்கும் இந்த மழைக்கும் ஏற்றது.

போன வருடம் களத்தில் அளந்தது: ராகி 190 கிலோ, சோளம் 80, கொள்ளு 45. சோளம் நூறு வந்திருக்க வேண்டும். பால் பிடிக்கும்போது கிளி, முற்றியதும் மயில். காட்டோரம் என்பதால் காட்டுப்பன்றி வேறு. பழைய புடவைகளைச் சுற்றிலும் கட்டி வைத்தால் பன்றி கொஞ்சம் தயங்கும். மயில் எதற்கும் தயங்குவதில்லை. விதைத்த முதல் பத்து நாள் நம் கோழிகளையே காவல் காக்க வேண்டும், அது தனி வேலை. விதை முளைத்து நாலு இலை விடும் வரை அவை பட்டிக்குள்தான்.

அறுப்பு முடிந்து களத்தில் கதிரடித்த பிறகு கோழிகளை அவிழ்த்து விடுவேன். தூற்றும்போது ஓரமாகப் பறந்து விழுந்த பொக்கு, மண்ணோடு கலந்த மணி, உதிர்ந்த அவரை, வைக்கோலுக்கு அடியில் பதுங்கிய பூச்சி எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்குச் சீய்த்துச் சீய்த்துத் தின்னும். அந்த வாரம் வேறு தீனியே வேண்டியதில்லை. கார்த்திகை முடிந்து மார்கழிக் குளிரில் களத்தில் அவை நிற்பதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கொள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதில் நூற்றுக்கு 22 பங்கு புரதம். ஆனால் பச்சையாகப் போடக் கூடாது. வேகாத பயறில் புரதத்தைச் செரிக்க விடாத ஒரு பொருள் இருக்கிறது, வெந்தால்தான் அது அடங்கும். முதலில் நான் ஊறவைத்து மட்டும் போட்டேன். கழிசலில் அரையும் குறையுமாக வந்தது. அப்புறம் அத்தைதான் வழி சொன்னார். இரவு சாப்பாடு முடிந்து அடுப்பில் தணல் மிச்சம் இருக்கும்போது, காலையில் ஊறப்போட்ட 200 கிராம் கொள்ளை மண்சட்டியில் வைத்து மூடிவிடுவது. விடியும்போது விரலால் நசுக்கினால் மாவாக உடையும். வெந்த தண்ணீரை வடித்து எங்களுக்கு ரசம். கொள்ளை ராகி மாவோடு பிசைந்து கோழிக்கு. இரண்டு வேலை ஒரே நெருப்பில் முடிகிறது. மகனுக்கு அந்த ரசம் இல்லாவிட்டால் சனிக்கிழமை சாப்பாடு இறங்காது.

குஞ்சுகளுக்குக் கரையான். இதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அத்தையின் அம்மா வீட்டில் செய்தது, அத்தை செய்தது, இப்போது நான் செய்கிறேன். ஓட்டைப் பானை ஒன்று வேண்டும். அதற்குள் காய்ந்த மாட்டுச் சாணத்தை உடைத்துப் போட்டு, கிழிந்த கோணிச் சாக்கு, கொஞ்சம் ராகித் தாள், மட்கிய ஓலை எல்லாம் திணித்து, நனையும் அளவுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பொழுது சாயும்போது, கரையான் நடமாடும் இடமாகப் பார்த்து லேசாகக் கொத்திவிட்டு, பானையை வாய் கீழாகக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். புற்றை உடைக்கக் கூடாது, அத்தைக்கு அது ஆகாது. பக்கத்தில் வைத்தாலே போதும், அதுவே தேடி வரும். மறுநாள் வெயில் ஏறும் முன் எடுத்து, குஞ்சுகள் இருக்கும் இடத்தில் தட்டினால் வெள்ளை வெள்ளையாக உதிரும். தாமதித்தால் கரையான் திரும்ப மண்ணுக்குள் போய்விடும். ஈரமும் நிழலும் இருக்கும் வரைதான் அது மேலே தங்கும்.

அந்த நேரத்தில் தாய்க்கோழி போடும் சத்தமே தனி. "கொக் கொக் கொக்" என்று ஒரு அவசரம். ஒன்றை அலகில் எடுத்துக் கீழே போட்டுக் காட்டும், குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். பொரித்த முதல் இரண்டு மூன்று வாரம் குஞ்சுக்கு நூற்றுக்கு 20 பங்கு புரதம் தேவைப்படும். வேறு எதை அரைத்துப் போட்டும் இந்த வேகத்தில் இறகு முளைத்து நான் பார்த்ததில்லை. இரண்டு பானை வைத்திருக்கிறேன், இடம் மாற்றி மாற்றி. ஒரே இடத்தில் தினம் வைத்தால் நாலாம் நாள் வெறும் பானைதான் வரும். கரையானுக்கு மருந்து ஊற்றிய வீட்டுப் பக்கம், வேலிக்கால் பக்கம் வைக்கவே கூடாது. நல்ல மழை நாளிலும் இது நடக்காது.

பெரிய கோழிகளுக்குப் பட்டுப்புழு. எங்கள் மாவட்டத்தில் அது தின்னும் மல்பெரி இல்லாத திசை கிடையாது. பட்டுக்கூட்டைத் தர்மபுரி அங்காடிக்குக் கொண்டுபோகிறார்கள், நூல் எடுக்கிற இடத்தில் கூடு வெந்து உள்ளே இருக்கும் புழு கழிவாக மிஞ்சுகிறது. உலர்ந்த புழுவில் பாதிக்கு மேல் புரதம், கால் பங்கு எண்ணெய். நாத்தனார் வீட்டுப் பக்கம் நூல் எடுக்கிறவர்கள் இருப்பதால் எனக்கு அது கிடைக்கிறது. வாங்கிய அன்றே பாறையில் பரப்பி, நல்ல வெயிலில் மூன்று நாள் சருகாகக் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு கட்டி வைத்தால் அந்த நாற்றத்தை ஊரே சொல்லும். எண்ணெய் அதிகம் என்பதால் நாள்பட வைத்தாலும் சிக்கு வாடை அடிக்கும், இரண்டு மாதத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. அளவும் முக்கியம். ஆசைப்பட்டு நிறையப் போட்டால் முட்டையிலேயே அந்த வாடை வரும். ஒரு முறை வந்தது, வாங்கிய டீச்சர் அம்மா பக்குவமாகச் சொன்னார்.

கீரை வகைக்கு முருங்கையும் அகத்தியும். கொத்தாகக் கட்டி, கோழி கழுத்தை நிமிர்த்திக் கொத்துகிற உயரத்தில் தொங்கவிட்டால் மிதித்து வீணாக்காது. மஞ்சள் கரு நல்ல நிறமாக வருவது இந்தக் கீரையால்தான், ராகிக்கும் சோளத்துக்கும் அந்த நிறத்தைத் தர முடியாது. சூபாபுல் மரத்து இலையையும் போடலாம் என்று பலர் சொல்கிறார்கள். அதில் கோழிக்கு ஆகாத பொருள் ஒன்று இருப்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

அசோலாவும் வைத்திருக்கிறேன், தண்ணீரில் மிதந்து வளரும் சின்னச் செடி அது. ஆறடிக்கு மூன்றடி குழி, தார்ப்பாய் விரித்து, சலித்த மண், சாணக் கரைசல், ஒரு சாண் அளவுக்கும் குறைவாகத் தண்ணீர். வேப்பமர நிழலில் வளர்கிறது. முதலில் கோழிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றாகக் கழுவிச் சாண வாடையைப் போக்கி, தவிட்டில் பிசைந்து ஒரு வாரம் போட்ட பிறகு பழகிக்கொண்டன. இதைப் பற்றி நிறையப் பேர் பெரிதாகப் பேசுகிறார்கள். உலர வைத்துப் பார்த்தால் புரதம் இருபதுக்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் பச்சையாக அள்ளுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டுக் கொள்ளைக் குறைக்க முடியாது. பங்குனி, சித்திரை வெயிலில் சிவந்து கருகிப்போகும். அப்போது ஒரு பிடியை மண்தொட்டியில் எடுத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரம் நிழலில் காப்பாற்றி வைத்தால் ஆடியில் திரும்பப் பெருக்கலாம். எனக்கு இது கூடுதல் தீனி, அவ்வளவுதான்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமான விஷயம். ஆனால் சித்தி மகளுக்கு இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

இரண்டாம் வருட ஐப்பசி. மழை பதினைந்து நாள் விடவில்லை. கடலைப் புண்ணாக்கு ஒரு சாக்கு வாங்கிக் கொட்டகையில் தரையிலேயே வைத்திருந்தேன். அடியில் ஒரு மூலையில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்தது. அந்த மூலையை உடைத்து எறிந்துவிட்டு மிச்சத்தை ஊறவைத்துக் கொதிக்கவிட்டுப் போட்டேன். கொதித்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஒரு வாரத்தில் இளம் விடைக்கோழிகள் இறக்கையைத் தொங்கப் போட்டு மூலையில் நின்றன. தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினொன்றில் ஏழு போய்விட்டன. கால்நடை மருந்தகத்துக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அறுத்துக் கல்லீரலைக் காட்டினார். வீங்கி, வெளிறிப்போய் இருந்தது. "புண்ணாக்கு என்ன நெலமையில இருந்துச்சும்மா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அந்தப் பூஞ்சணம் விடுகிற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, கொதித்தாலும் போகாது, வெயிலில் காய்ந்தாலும் போகாது. ஒரு மூலையில் தெரிந்தால் சாக்கு முழுவதும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஏழும் நான் கையில் வைத்து வளர்த்தவை. வாழைக் குழியில் புதைத்துவிட்டு அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து புண்ணாக்கை ஐந்து கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் வாங்குவதில்லை. தானியத்தைப் பல்லில் கடித்தால் "டக்" என்று உடைய வேண்டும். நசுங்கினால் திரும்பவும் வெயிலுக்குப் போகும். எல்லாச் சாக்கும் மரப்பலகை மேல், சுவரைத் தொடாமல். ராகி இந்த விஷயத்தில் தங்கம். நன்றாகக் காய்ந்துவிட்டால் வண்டும் விழாது, பல வருடம் இருக்கும். சோளம் அப்படி இல்லை. அதை மாசிக்குள் தீர்க்கப் பார்ப்பேன்.

முட்டை ஓடு விஷயத்துக்கு வருகிறேன். ராகியில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்று குழந்தைக்குக் கூழ் ஊட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் நானும் முதல் வருடம் இருந்தேன். நூறு கிராம் ராகியில் அது 350 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கிறது. கிராமில் சொன்னால் அரை கிராம்கூட இல்லை. ஒரு முட்டை ஓட்டுக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் வேண்டும். கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும், அதுவும் தீர்ந்தால் தோல் முட்டை. இப்போது வீட்டிலும் டீக்கடையிலும் சேரும் முட்டை ஓட்டை வாங்கி, வாணலியில் வறுத்து, அம்மியில் கரகரப்பாக நுணுக்கித் தனிக் கொட்டாங்குச்சியில் வைக்கிறேன். தீனியில் கலப்பதில்லை. முட்டையிடும் கோழி தானே போய்த் தேவையான அளவு எடுத்துக்கொள்ளும், சேவல் சீண்டாது. நன்றாக நுணுக்கிவிட வேண்டும். ஓடு முட்டை வடிவம் தெரியும்படி கிடந்தால், கூட்டில் இருக்கும் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.

கலவை கேட்டாள் அல்லவா, எழுதிக்கொள்ளட்டும். பத்துக் கிலோவுக்கு ராகி நாலு, சோளம் இரண்டரை, கொள்ளு ஒன்றரை, கடலைப் புண்ணாக்கு ஒன்று, உலர்ந்த பட்டுப்புழு அரை, குருணை அரை. உப்பு 30 கிராம், அதற்கு மேல் வேண்டாம். கொள்ளு மட்டும் தினம் வெந்து சேரும், மற்றதைக் கலந்து வைத்துக்கொள்ளலாம். மகன் இதற்கும் கணக்குப் போட்டான், புரதம் 16-ஐ ஒட்டி வருகிறது. என் 22 கோழிக்கு நாளைக்கு 1 கிலோ 300 கிராம். அடைத்து வளர்த்தால் ஒரு கோழிக்கு 100 கிராம் ஆகும், மேய்கிற கோழிகள் என்பதால் இது போதுகிறது. காலையில் கொஞ்சம், பொழுது சாய மிச்சம். காலையில் வயிறு நிறைந்துவிட்டால் மேயாது.

வருடத்துக்கு 475 கிலோ ஆகிறது. அதில் 315 எங்கள் அறுபது சென்ட்டில் விளைந்தது. மிச்சத்துக்குச் சோளமும் கொள்ளும் ஊரிலேயே வாங்குகிறேன், புண்ணாக்கு செக்கில். எல்லாமே என் நிலத்தில் விளைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். காலண்டரில் குறித்த முட்டைகளைக் கூட்டினால் போன வருடம் 1,140. ஒரு கோழிக்கு 71. அடைக்கு வைத்தது, விற்றது, மகன் தின்றது எல்லாம் அதில் சேர்த்தி.

நேற்று ராத்திரி நல்ல மழை. அத்தை திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து விதைக்கொள்ளில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருக்கிறார். கீழே எறிவதை எல்லாம் அந்த நான்கு சேவல்களும் வரிசையில் நின்று பொறுக்குகின்றன. "போங்கடா, விதையையும் தின்னுடுவீங்க போல" என்று விரட்டிவிட்டு, அடுத்த கையில் இருப்பதையும் அவற்றுக்கே போடுகிறார். நாளைக்கு மண் பதமாக இருந்தால் ஏர்க்காரரை வரச் சொல்லியிருக்கிறேன்.